புகை போனது சரி, வேகம் ஏன் போனது?

1996 மார்ச்சில் யமஹா ஆர்.எக்ஸ்.100 மோட்டார் சைக்கிளின் உற்பத்தி நின்றது. ராயப்பேட்டையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த எங்கள் பட்டறைக்கு அந்தச் செய்தி பேப்பர் வழியாக வரவில்லை. பிஸ்டன் செட் வாங்கப் போன பையன் திரும்பி வந்து, “இனிமே புது வண்டி வராதாம்ணே, கடைக்காரர் சொல்றாரு” என்றான். பட்டறையை நடத்திய பாய் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை. “வராட்டி என்னா, ஓடுற வண்டி ஓடும்ல?” என்றார். அப்போதைக்கு அது சரிதான். ஊர் முழுக்க ஆர்.எக்ஸ். ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அடுத்த சில வருடங்களில் எங்கள் பிழைப்பு, கை பழகிய வித்தை, யமஹா என்ற பெயருக்கு இருந்த மவுசு எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று போயின. கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

1980களின் நடுவில் ஜப்பான் கம்பெனிகள் இங்குள்ள கம்பெனிகளோடு சேர்ந்து 100 சி.சி. வண்டிகளை இறக்கின. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது. பஜாஜ், கவாசாகியைக் கூட்டி வந்தது. அதுவரை ராஜ்தூத் செய்துகொண்டிருந்த எஸ்கார்ட்ஸ், 1985ல் யமஹாவின் ஆர்.எக்ஸ்.100ஐக் கொண்டுவந்தது. 98 சி.சி., 11 குதிரைத்திறன், 100 கிலோவை ஒட்டிய எடை. காகிதத்தில் இந்த எண்கள் சாதாரணமாகத் தெரியும். திருவொற்றியூரில் செய்த 350 சி.சி. புல்லட்டுக்கு 18 குதிரைத்திறன். ஆனால் எடை 160 கிலோவுக்கு மேல். ஜெமினி மேம்பாலத்தடியில் சிக்னல் விழுந்ததும் எது முன்னால் போகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, அங்கே நின்று பார்த்தாலே போதும். விலை உயர்ந்த வண்டி வைத்திருந்தவர்களையெல்லாம் ஒரு 100 சி.சி. வண்டி பின்னால் தள்ளியது. நடுத்தரக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு வேகம் கைக்கு எட்டியது அப்போதுதான்.

நான் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் காலத்தில். பிளக் துடைக்கவும், சைலன்சர் குழலுக்குள்ளிருக்கும் பேஃபிளை நெருப்பில் போட்டுக் கார்பனை எரிக்கவும்தான் முதலில் கற்றுக்கொடுத்தார். போர்ட்டிங் வேலையை எட்ட நின்று பார்க்க மட்டும் அனுமதி.

அந்த வேலையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் ஹெட்டில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே சன்னல் மாதிரி துவாரங்கள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே அவற்றைத் திறந்து மூடும். அவைதான் போர்ட். எரிந்த காற்று வெளியே போகும் போர்ட்டின் மேல்விளிம்பைத் துளி உயர்த்தினால் என்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றும், ஆனால் கீழ் கியரில் இழுவை குறையும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதுதான் வித்தை. பாய் சிலிண்டரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். உள்சுவரில் நீல மை தடவி, ஊசியால் கோடு கிழிப்பார். அரைவட்ட அரத்தை ஒரு பக்கமாக மட்டும் தள்ளுவார், திருப்பி இழுக்க மாட்டார். முடிந்ததும் விளிம்பில் சுண்டு விரலை விட்டுத் தடவுவார். விரலில் பிசிர் தட்டினால் ரிங் அதில் மாட்டி உடையும் என்பார். உப்புத்தாளைச் சுருட்டி அந்த விளிம்பை மழுக்குவதற்கு அரம் பிடித்த நேரத்தைவிட அதிக நேரம் ஆகும். அளவு அவர் கையில் இருந்தது. எதையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை.

சோழவரத்துக்கு வண்டி எடுத்துப் போகிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தும்போது எரிந்த விளக்கெண்ணெய் வாசனை வெயிலில் மிதக்கும். பந்தய வண்டிகளுக்கு அந்த எண்ணெய் கலந்த ஆயில்தான். 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கென்று டிராக் வந்த பிறகு பந்தயம் அங்கே போயிற்று. இரண்டு இடத்திலும் ஆர்.எக்ஸ். இல்லாத பந்தயத்தை நான் அன்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. யமஹா என்றால் வேகம். இதை யாரும் விளம்பரம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் புகையும் வந்தது. ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். அதனால்தான் சின்ன என்ஜினில் அத்தனை உறுமல். ஆனால் பழைய புகை வெளியேறும் கதவும் புதிய பெட்ரோல் உள்ளே வரும் கதவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக ஓடிவிடும். கூடவே டூ-டி ஆயிலும் எரியும். கண்ணுக்குத் தெரிந்த நீலப்புகை ஆயில். கண்ணுக்குத் தெரியாமல் மூக்கை அடைத்தது எரியாத பெட்ரோல். பாய் அரத்தால் விளிம்பை உயர்த்தும்போது வெளியேறும் அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் பெரிதாகும். வேகத்தையும் புகையையும் தனித்தனியாகப் பிரிக்க அந்த என்ஜினில் வழி இருக்கவில்லை.

அரசு விதித்த அளவுகள் இதைத்தான் குறிவைத்தன. 1991ல் இருசக்கர வண்டிகளுக்கு முதன்முதலாகக் கிராம் கணக்கு வந்தபோது, கிலோமீட்டருக்கு 8 முதல் 12 கிராம் வரை ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத எரிபொருள், விடலாம் என்றிருந்தது. 1996ல் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்தே 3.6 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்றார்கள். 2000 ஏப்ரலில் அது 2 கிராம் ஆயிற்று. பழைய ஆர்.எக்ஸ்.100க்கு இந்தப் படிகளில் இடம் கிடைக்கவில்லை. இதே கதை அமெரிக்காவில் முன்பே நடந்திருந்தது. 1978 முதல் அங்கே மோட்டார் சைக்கிள்களுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்தது, யமஹாவின் ஆர்.டி.400 அங்கே 1979 மாடலோடு முடிந்தது. ஆர்.டி. வம்சத்து 350ஐ எஸ்கார்ட்ஸ் நமக்கு ராஜ்தூத் 350 என்று கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

சட்டம் வேண்டாம் என்று சொல்கிறவன் நானில்லை. ஏன் என்று என் மூக்கிலிருந்து தொடங்கிச் சொல்ல முடியும். மழைக்காலத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டியூனிங் பார்த்த நாட்களில், சாயங்காலம் கைக்குட்டையில் சளி கறுப்பாக வரும். அண்ணா சாலையில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் சிக்னலில் நிற்கும்போது எதிர்ப்பக்கத்துக் கடைப் பலகையைப் படிக்க முடியாது. பாய்க்கு ஐம்பது தாண்டியதும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் புகை பக்கமே போகக்கூடாது என்றார். “புகையில்லாம நான் எங்க போறது டாக்டர்?” என்று கேட்டுவிட்டு வந்ததாக அவரே சொன்னார். சொல்லும்போது எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பீடி சிகரெட் தொடாத மனிதர் அவர்.

1996க்குப் பிறகும் டூ-ஸ்ட்ரோக் உடனே செத்துவிடவில்லை. ஆர்.எக்ஸ்.135 வந்தது. அந்தக் காலத்து டூ-ஸ்ட்ரோக்குகளுக்குக் கம்பெனிகள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வைத்த சைலன்சர் கொடுத்தன. அது தப்பியோடும் பெட்ரோலை வழியில் மடக்கி எரிக்கும் ஏற்பாடு. வண்டிக்காரர்கள் முதல் சர்வீசிலேயே அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பார்கள். ஆனாலும் காற்று திரும்பிவிட்டது. 1994ல் வந்த ஹீரோ ஹோண்டாவின் ஃபோர்-ஸ்ட்ரோக் ஸ்பிளெண்டர் தெருவுக்குத் தெரு நின்றது. பெட்ரோல் விலை ஏற ஏற, “எவ்வளோ குடுக்குது?” என்ற கேள்வி “எவ்வளோ போவுது?” என்ற கேள்வியை முந்தியது. சந்தில் எங்களைப் போல நான்கைந்து பட்டறைகள். ஒருவர் ஆட்டோ வேலைக்கு மாறினார். ஒருவர் துபாய் போனார். போரிங் போடும் லேத்துப் பட்டறையில் வரிசை குறைந்தது. ஸ்பிளெண்டருக்கு ஆயில் மாற்றி, செயின் இறுக்கி, டேப்பெட் வைத்து அனுப்பினால் மாதக்கணக்கில் அது பட்டறைப் பக்கம் தலைகாட்டாது. நல்ல வண்டி, மெக்கானிக்குக் கெட்ட காலம்.

பாய் டேப்பெட் வைக்கக் கற்றுக்கொள்ள மறுக்கவில்லை. ஃபீலர் கேஜைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். வேலையும் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த என்ஜினில் அவர் விரலுக்கு வேலை இல்லை. கேம் தேய்ந்தால் புதிது, வால்வு போனால் புதிது. செதுக்கிச் சீராக்க இடமில்லை. முப்பது வருடம் ஒரு கைக்குள் சேர்ந்த அறிவு, பொருளில்லாத அறிவாகிவிட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். புகைச் சட்டம் பற்றிப் பேசுகிற யாரும் இந்த இழப்பைக் கணக்கில் எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டும். காற்றுக்காகக் கொடுத்த விலையில் இதுவும் ஒன்று.

இனி யமஹா கதை. வேகத்தில் பெயரெடுத்த கம்பெனி ஏன் அந்தப் பெயரைக் கோட்டைவிட்டது? “கவர்மெண்ட் புகைச் சட்டம் போட்டுக் கெடுத்துடுச்சு” என்பதுதான் டீக்கடையில் கேட்கும் பதில். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் இருந்தது. 2000 வருடத்து அளவு வருவதற்கு முன்பே, 1999ல், ஹீரோ ஹோண்டா 156 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் சி.பி.இசட். கொண்டுவந்தது; ஏறத்தாழ 13 குதிரைத்திறன். 2001ல் பஜாஜ் பல்சர் வந்தது, 150லும் 180லும். 2003ல் ஹீரோ ஹோண்டாவின் கரிஸ்மா, 223 சி.சி. அதே புகைக் கணக்குக்குள் நின்றுகொண்டே இவர்கள் வேகத்தை விற்றார்கள்.

யமஹாவுக்கு வேகமான ஃபோர்-ஸ்ட்ரோக் செய்யத் தெரியாதா? 1998ல் அந்தக் கம்பெனி உலகத்துக்குக் கொடுத்த ஆர்1, 998 சி.சி., 150 குதிரைத்திறன், ஃபோர்-ஸ்ட்ரோக். உலகப் பந்தயமே 2002ல் 990 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறியது. 2004ல் வாலன்டினோ ரோஸி ஹோண்டாவை விட்டு யமஹாவுக்கு வந்து, முதல் பந்தயத்திலேயே ஜெயித்து, அந்த வருடப் பட்டத்தையும் வாங்கினார். அந்தப் படத்தை எங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். அதே வருடங்களில் இங்கே யமஹா ஷோரூமில் நின்றவை கிரக்ஸ், லிபரோ, என்டைசர். கிரக்ஸுக்கு 106 சி.சி.யை ஒட்டிய என்ஜின், ஏழரைக் குதிரைத்திறன் சொச்சம். 98 சி.சி. ஆர்.எக்ஸ்.100க்கு 11 இருந்தது. இவை மோசமான வண்டிகள் என்று சொல்ல மாட்டேன். உழைத்தன, மைலேஜ் கொடுத்தன, பால்காரரும் சேல்ஸ் ரெப்பும் நம்பி ஓட்டினார்கள். ஆனால் ஆர்.எக்ஸை விற்றுவிட்டு அடுத்த யமஹா வாங்கலாம் என்று வந்தவனுக்குக் கொடுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பட்டறையில் இதை நேராகப் பார்த்தேன். ஆர்.எக்ஸ். வைத்திருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பாதி பல்சருக்கும் கரிஸ்மாவுக்கும் போனது. மறு பாதி பழைய வண்டியையே விடாமல் பிடித்துக்கொண்டு, புதுப்பேட்டையில் பிளாக்கும் கிராங்க்கும் தேடி அலைந்தது. வங்கியில் வேலை பார்த்த ஒரு வாடிக்கையாளர், “புது யமஹா எடுக்கலாம்னுதான் தம்பி போனேன், ஷோரூம்ல என் வண்டியைப் பார்த்துட்டு இதை எவ்வளவுக்குக் குடுப்பீங்கன்னு அவங்களே கேட்குறாங்க” என்றார். புகைச் சட்டத்தால் ஒரு என்ஜின் போயிற்று, அவ்வளவுதான். அதோடு சேர்த்து வாடிக்கையாளரின் விருப்பத்தையும் தூக்கிப் போட்டது கம்பெனியின் முடிவு. 2001ல் எஸ்கார்ட்ஸின் பங்கையும் வாங்கி இந்தியத் தொழிலை முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்ட பிறகும் யமஹாவுக்கு இது புரிய ஏழு வருடம் ஆயிற்று.

2004 அக்டோபரிலிருந்து புகைச் சோதனையும் இறுகியது. பழைய அளவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2000 மார்ச்சுக்கு முந்தைய வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும், அதற்குப் பிந்தைய டூ-ஸ்ட்ரோக் 6,000க்குள், ஃபோர்-ஸ்ட்ரோக் 4,500க்குள். குழாயைச் சைலன்சருக்குள் விட்டதும் மெஷினில் எண் ஏறுவதைப் பார்ப்பது எங்களுக்குப் புதுப் பாடம். கார்புரேட்டரைச் சரிசெய்து, ஏர் ஃபில்டரைக் கழுவி, ஆயில் பம்பின் வயரைச் சரியான குறிக்குக் கொண்டுவந்தால் அதே பழைய ஆர்.எக்ஸில் எண் இறங்கியது. ஆயில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலில் கை அளவுக்கு ஆயில் ஊற்றிக் கலக்கும் பழக்கம்தான் புகையில் பெரும்பங்கு என்று பாய் அன்றே சொன்னார். அந்த வண்டிகளுக்கெல்லாம் அவர் திரும்பப் பம்பு மாட்டினார். அவர் கடைசியாக ஆசையோடு செய்த வேலை அது.

2008ல் ஆர்15 வந்தது. 150 சி.சி., தண்ணீரால் குளிரும் என்ஜின், பெட்ரோலை ஊசிபோலப் பீய்ச்சும் இன்ஜெக்டர், 17 குதிரைத்திறன். அதே வருடம் எஃப்.இசட். வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் மறுபடியும் யமஹா வரிசை கட்டி நின்றது. 2015ல் ஒரகடம் பக்கம் வல்லம் வடகாலில் தொழிற்சாலையும் திறந்தார்கள். ஆர்15ஐ முதல்முறை பிரித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. வேகத்துக்கும் புகைக்கும் இருந்த பழைய முடிச்சு இந்த என்ஜினில் இல்லை. சென்சார்கள் காற்றின் அளவை அறிந்து பெட்ரோலை அளந்து விடுகின்றன. தப்பியோட வழியில்லாததால் விட்ட பெட்ரோல் எல்லாம் வேலை செய்கிறது. புகை குறைந்தபோது சக்தி கூடியது. 1996ல் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

ஆனாலும் அதே கம்பெனியில் பழைய வியாதி மறுபடி எட்டிப் பார்த்தது. 2008ல் 14 குதிரைத்திறனோடு வந்த எஃப்.இசட்., 2014ல் மைலேஜுக்காக என்ஜினைச் சுருக்கி 13.1 ஆயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை அளவு வந்தபோது 12.4. பி.எஸ்.6 கடுமையான சட்டம்தான்: ஹைட்ரோகார்பன் கிலோமீட்டருக்கு 0.1 கிராம். 1991ன் அளவோடு ஒப்பிட்டால் எண்பதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழ். ஆர்15 மூன்றாம் மாடலே 19.3லிருந்து 18.6க்கு இறங்கியது. மறுபடி டீக்கடையில் அதே பேச்சு, சட்டம் கெடுத்துவிட்டதென்று. அப்போது ஓசூரைப் பாருங்கள் என்பேன். டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர்.160 4வி பி.எஸ்.6க்கு மாறியபோது 16 குதிரைத்திறனுக்கு இறங்கியது. பிறகு 2021ல், அதே சட்டத்துக்குள் 17.6க்கு மேல் ஏறியது. செய்ய முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

பாய் இப்போது இல்லை. பட்டறை என் பொறுப்பில் இருக்கிறது. அரங்கள் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்கேனர் இருக்கிறது. லட்சத்துக்கு மேல் விலை கொடுத்துப் பழைய ஆர்.எக்ஸ். வாங்கி வருகிற பையன்களும் உண்டு. அவர்கள் வண்டியை மனசாரச் சரிசெய்து கொடுக்கிறேன், பம்பு சரியாக வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. புது வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் பிக்கப் கூடும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு முடியாது என்றுதான் பதில். அதைக் கழற்றினால் சத்தம் கூடும். சென்சார் குழம்பி வண்டி தடுமாறும். பின்னால் வருகிற ஸ்கூட்டரில் குழந்தை உட்கார்ந்திருக்கும்.

இப்போது மின்சார வண்டிகளின் காலம் தொடங்குகிறது. கார்புரேட்டர் போன மாதிரி இன்ஜெக்டரும் போகும், என் கையும் ஒருநாள் பாயின் கையைப் போல வேலையில்லாமல் நிற்கும். அந்த மாற்றத்தில் நிற்கிற மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய கடமை அரசுக்கும் இருக்கிறது, கம்பெனிகளுக்கும் இருக்கிறது. 1996ல் எங்களுக்கு அதை யாரும் கொடுக்கவில்லை. வண்டி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஒரு கம்பெனி மந்தமான வண்டியைக் கொடுத்துவிட்டுச் சட்டத்தைக் கைகாட்டும்போது, அதே சட்டத்துக்குள் அடுத்த கம்பெனி என்ன செய்தது என்று கேளுங்கள். சுத்தமான காற்று, நல்ல இழுவை இரண்டையும் ஒரே வண்டியில் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள்.